கரையைத் துப்புரவாக்கின மருமகனுக்கு

கரை இப்ப நல்லா வெளிச்சமா இரிக்கு மருமகன். நேத்துப் பின்னேரம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தன். பன் இல்ல, கோரை இல்ல, தாழம்பத்தை இல்ல, தண்ணிக்க பாதி சரிஞ்சு கிடந்த கிழட்டு மருதங்கட்டையும் இல்ல. இந்த விநாயகபுரத்துல கடைசியா ஒரு கரையை நான் இவ்வளவு துப்புரவாக் கண்டது 2004 டிசம்பர் 26க்கு அடுத்த நாள். அண்டைக்குக் கடல் வந்து செய்த வேலையை நீங்க ஒரு பெக்கோவை வெச்சே முடிச்சிட்டீங்க. கெட்டிக்காரன்.

கபானா போடப் போறீங்களாமே. அறுகம்பேக்குப் போற வெள்ளைக்காரன் ஒருத்தன் வழி தவறி நம்மட ஊருக்க வந்திட்டா, ஆத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க அவனுக்கும் ஒரு இடம் வேணும்தானே. புல் இருந்தாப் பாம்பு வரும், பாம்பு வந்தா வெள்ளைக்காரன் போயிருவான். கணக்குச் சரிதான். ஆத்திட்ட மட்டும் நீங்க ஒரு வார்த்தை கேக்கல்ல போல.

காணி உறுதியை எடுத்து ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. அது உங்கட பெண்சாதிட சீதனக் காணி. அவவுக்கு அவட தாய் குடுத்தது, தாய்க்கு அவட தாய் குடுத்தது. இந்தப் பக்கத்துல வீடும் வளவும் பெண்ணோடதான் போகும். நம்மளப் போல ஆம்பிளயள் காணிக்க இரிக்கலாம், காணி நம்மட கைக்க இரிக்காது. சரி, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. உறுதியில நாலு எல்லை எழுதியிரிக்கும். வடக்க இன்னார் வளவு, தெக்க ஒழுங்கை, கிழக்க இன்னார் தென்னந்தோட்டம், மேக்க ஆறு. மூண்டு எல்லை சொன்ன இடத்துல நிக்கும். நாலாவது எல்லை நடக்கும். நீங்க ரெண்டு லோட் கொங்கிறீட்டு இறக்கி அதை நிப்பாட்டப் பார்க்கிறீங்க எண்டு கேள்விப்பட்டன். அதுதான் கூப்பிட்டனான். கோவிக்காதீங்க.

ஆத்தோரக் காணி எண்டுறது சும்மா கிடக்கிற காணி இல்ல மருமகன். நம்மட சந்தியில சும்மா இரிக்கிற ஆக்களையே பார்த்துப் பழகினதால உங்களுக்கு அப்பிடித் தெரியிது. அதுக்கு மூண்டு வேலை இரிக்கு. மாரி வெள்ளம் வந்தா அதுட வேகத்தை உடைக்கிறது ஒண்டு. வெள்ளம் கொண்டு வாற மண்டியைப் பிடிச்சு வெக்கிறது ரெண்டு. தண்ணியை மண்ணுக்க இறக்கி வெச்சு, கோடைக்கு ஆத்துக்கும் கிணத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுக்கிறது மூண்டு. இந்த மூண்டையும் பன்னும் கோரையும் மருதும் தில்லையும் கூலி கேக்காமச் செய்து கொண்டிருந்ததுகள். நீங்க அதுகளுக்கு வேலை நிப்பாட்டி அனுப்பிட்டீங்க. இனி அந்த வேலையை ஆர் செய்யிற எண்டு கேட்டா, நீங்கதான். மண்வெட்டியோட நில்லுங்க, மாரி கிட்டத்தான்.

கம்பசுக்குப் போற உங்கட மச்சினன் போனில ஒரு சாமான் காட்டினான். அமெரிக்காவில அரசாங்கக் காணிகளைப் பார்க்கிற பெரிய கந்தோர் ஒண்டு, 1993ல ஆத்தோரத்துட சுகத்தைப் பார்க்க ஒரு படிவம் போட்டிருக்கு. அங்க மேக்குப் பக்கம் எல்லாம் வறண்ட பூமி. கன காலமா மாட்டை விட்டு மிதிச்சு மிதிச்சு ஓடையெல்லாம் கிடங்காப் போனாப் பிறகுதான் அவங்களுக்கும் புத்தி வந்திருக்கு. படிவத்துல 17 கேள்வி. ஓம், இல்ல எண்டு பதில் எழுதினாக் காணும். கடைசியில தீர்ப்பு மூண்டு வகை: கரை ஒழுங்கா வேலை செய்யிது; வேலை செய்யிது, ஆனா ஆபத்துல கிடக்கு; வேலையே செய்யல்ல. நான் அந்தப் பொடியனைக் கொண்டு முழுக்க வாசிப்பிச்சன். கரை வடிவா இரிக்கா எண்டு ஒரு கேள்வியும் இல்ல. போட்டோவுக்கு நல்லா வருமா எண்டும் இல்ல. வெள்ளைக்காரனுக்காக நீங்க துப்புரவாக்கின கரையை வெள்ளைக்காரன்ட படிவமே பாஸ் பண்ணாது.

அதுல முதல் கேள்வி என்ன தெரியுமா? ஆறு அடிக்கடி கரையேறிப் பக்கத்துத் தாழ் நிலத்துக்க வருதா எண்டு. வரணுமாம். சுகமான ஆறு ஒண்டு வருசத்துக்கு ஒருக்காவோ, ரெண்டு வருசத்துக்கு ஒருக்காவோ தன்ட கரை முட்டி வழியும். அதுதான் அதுட அளவு. நீங்க என்ன சொன்னீங்க? "மாமா, போன மாரிக்கு வெள்ளம் நம்மட கரைக்கு ஏறவே இல்ல, காணி நல்ல உசரம்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னீங்க. நானும் சிரிச்சன். நீங்க நினைச்ச காரணத்துக்கு இல்ல.

காணி உசரல்ல மருமகன், ஆறு இறங்கியிரிக்கு. அது ஏன் இறங்கினது எண்டு கேக்கிறதுக்கு நம்மட ஊரில எந்தப் புது வீட்டுச் சுவரையும் தட்டிப் பார்க்கலாம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுக்க வீடு கட்டினாங்க. கட்டத்தான் வேணும், குற்றம் சொல்லல்ல. மண் எங்கிருந்து வந்தது? ஆத்துக்க இருந்து. வீடு கட்டி முடிஞ்சும் மண் அள்ளுறது முடியல்ல. 2019 டிசம்பர்ல மண் ஏத்திப் போறதுக்குப் பெர்மிட் தேவையில்ல எண்டு கொழும்பில இருந்து ஒரு அறிவித்தல் வந்தது. அண்டு ராத்திரி டிப்பர்காரன் பெண்சாதியோட கூடக் கதைக்கல்ல, நேரா ஆத்துக்குத்தான் போனான்.

ஆத்துக்க ஒரு குழி தோண்டினா அந்தக் குழி தோண்டின இடத்துல கிடக்காது. அது மேல்நோக்கி நடக்கும். குழிட விளிம்புல தண்ணி விழுந்து விழுந்து மண்ணை அரிக்கும், விளிம்பு பின்னால போகும், பிறகும் அரிக்கும். மேல இரிக்கிற கிளை ஓடையளும் சேர்ந்து இறங்கும். பாலத்துத் தூணுக்கு அடியில கொங்கிறீட்டு வெளியில தெரிஞ்சா, ஆறு எத்தனை அடி இறங்கினது எண்டு அங்க அளந்து பாருங்க. எஞ்சினியர் வெட்ட வெளியில வைக்கிறதுக்காக அத்திவாரம் போடுறதில்ல. இறங்கின ஆறு கரையேற ஏலாது. கரையேற ஏலாத வெள்ளம் தன்ட வேகம் முழுக்கத் தன்ட கிடங்குக்கையே வெச்சுக் கொண்டு ஓடும். அப்ப என்ன செய்யும்? அடியை அரிக்கும், இன்னும் இறங்கும். பக்கத்தை அரிக்கும், உங்கட காணி துண்டு துண்டாக் கழண்டு விழும். வெள்ளம் வராத காணி எண்டு நீங்க பெருமைப்படுறது அந்தக் காணியைத்தான்.

வடக்க பட்டிப்பளை ஆத்துக்கு, கல்லோயா எண்டுறாங்களே, அதுக்கு நடந்ததையும் யோசியுங்க. 1949ல கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது, இங்கினியாகலையில அணை வந்தது, சேனாநாயக்க சமுத்திரம் வந்தது. நெல்லு வந்தது, அதை இல்லையெண்டு சொல்ல ஏலாது; அம்பாறை மாவட்டம் இண்டைக்குச் சோறு தின்னுறது அதாலதான். ஆனா மலையில இருந்து வாற மணல் அணைக்குப் பின்னால படிஞ்சு போயிரும். அணைக்குக் கீழ வாறது வெறும் தண்ணி. சுமக்க மணல் இல்லாத தண்ணி சும்மா வராது, கீழ இரிக்கிற அடியில இருந்தும் கரையில இருந்தும் மணலை எடுக்கும். கடல் கரைக்குப் போக வேண்டிய மணல் ஆத்துக்கயே நிண்டிட்டா, கடல் சும்மா விடுமா? அதோட ஒலுவிலில 2013ல துறைமுகம் திறந்தாங்க. அலைதடுப்புக் கல்லு கரையோரமா நடக்கிற மணலை மறிச்சுப் போட்டுது. ஒரு பக்கம் துறைமுக வாயில மணல் மூடுது, மறு பக்கம் ஒலுவில் ஆக்கள்ட தென்னந்தோப்பு கடலுக்க போகுது. அங்கத்தக் காக்கா ஒருத்தரிட்ட "காணி எப்பிடி?" எண்டு கேட்டன். "அளக்கிறதுக்கு இப்ப தோணி வேணும்" எண்டார்.

சரி, வெள்ளத்துக்கு வருவம்.

தாழ் நிலம் ஆத்துட இடம். கோடையில நமக்கு இரவல் தருது, மாரியில திருப்பிக் கேக்கும். நான் வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானையா இருந்த காலத்துல, அந்தப் பள்ளத்துக்க வாடி போடாதீங்க எண்டு எத்தனை பேரோட சண்டை பிடிச்சிருப்பன். 1957 டிசம்பர் வெள்ளத்தை நான் சின்னப் பொடியனாக் கண்டவன். இங்கினியாகலையில அவ்வளவு பெரிய அணை இருந்தும் வந்த வெள்ளம் அது. அந்த வெள்ளத்தைக் காணாத ஆக்கள்தான் பள்ளத்துக்க அத்திவாரம் வெட்டுறது.

இந்த இடத்துல நான் பகிடி விடல்ல. 2024 நவம்பர் 26, மாவடிப்பள்ளி. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் நடுவுல அந்தத் தாம்போதி. வீட்டுக்குத் திரும்பி வந்த மதரஸாப் பிள்ளையள் ஏறின உழவு இயந்திரத்தை வெள்ளம் அடிச்சுக் கொண்டு போயிட்டுது. அந்த மண்ணுல தமிழன் வீட்டுலயும் சோனகன் வீட்டுலயும் அண்டு ஒரே அழுகைதான். அந்தத் தாம்போதி இரிக்கிற இடம் என்ன இடம்? வெள்ளம் படுத்து ஓடுற இடம். ரெண்டு பக்கமும் நிரப்பி, மதில் கட்டி, வாய்க்கால் அடைச்சு, தண்ணி விரிஞ்சு போற அகலத்தைக் குறைச்சுக்கொண்டு வந்தா, மிச்சமிரிக்கிற வாயால அவ்வளவும் ஒரே வேகத்துல வரும். முழங்கால் தண்ணிதானே எண்டு இறங்குறவனுக்கு ஆழம் தெரியும், வேகம் தெரியாது. இதை உங்கட பிள்ளையளுக்கும் சொல்லி வையுங்க.

இப்ப உங்கட மதில். கொங்கிறீட்டு மதிலுக்கு வெள்ளத்தை உடைக்கத் தெரியாது, திருப்பி விடத்தான் தெரியும். உங்கட கரையில பட்டு எதிர்க் கரைக்குப் போகும். எதிர்க் கரைக்காரன் ஆர்? உங்கட பெண்சாதிட சின்னம்மாட மகள். அவட தென்னை நாலு விழுந்தா அவவும் மதில் கட்டுவா. அவட மதில்ல பட்ட வெள்ளம் திரும்பி உங்களிட்ட, கொஞ்சம் கீழ, கபானாவுக்குப் பக்கத்துல வரும். பிறகு நீங்க இன்னும் உசத்துவீங்க. சீமெந்துக் கடைக்காரனுக்கு ரெண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வீடு கட்டிக் குடுப்பீங்க. அந்த வளைவை நேராக்கினா அழகா இரிக்கும் எண்டும் ஒரு யோசினை வெச்சிரிக்கீங்களாம். நல்லது. ஆறு வளைஞ்சு வாறது வெறும் வம்புக்கு இல்ல; அதே இறக்கத்தைக் கூடத் தூரத்துல இறங்குறதுக்கு. நேராக்கினாத் தூரம் குறையும், இறக்கம் கூடும், வேகம் கூடும். வளைவுட உள் பக்கத்துல மணல் திட்டிருந்தா அதைப் போய்ப் பாருங்க. அதுல பன்னும் கோரையும் ஏறிப் பச்சை பிடிச்சிரிக்கா? அப்ப ஆறு ஒரு பக்கம் எடுத்ததை மறு பக்கம் கட்டுது, சுகமா இரிக்கு. திட்டு ஒவ்வொரு வருசமும் மொட்டையா, வெறும் மணலா இரிக்குதா? மேல எங்கயோ கரை உடையுது எண்டு அர்த்தம். ஆர்ட கரை எண்டு மேல போய்ப் பாருங்க. அநேகமா உங்களப் போல ஒரு துப்புரவான மனுசன்ட கரையாத்தான் இரிக்கும்.

அந்த மருதங்கட்டையை ஏன் எடுத்தீங்க? குப்பை எண்டு நினைச்சிருப்பீங்க. அது கிடந்த இடத்துல தண்ணி சுத்தி ஒரு மடு விழுந்திருந்தது. கோடையில ஆறு நூலா ஓடுற நேரமும் அந்த மடுவுக்க விராலும் பனையானும் தப்பிக் கிடக்கும். அதுக்குப் பின்னால மண்டி படிஞ்சு, அந்த மண்டியிலதான் பன் பிடிச்சது. அமெரிக்காக்காரன்ட படிவத்துல அதுக்கும் ஒரு கேள்வி இரிக்கு, கட்டை விழுந்து கிடக்கிறதுக்கு மரம் கரையில இரிக்கா எண்டு. நீங்க கட்டையையும் எடுத்து, நிண்ட மரத்தையும் தறிச்சு விறகுக்கு வித்தாச்சு. கட்டையிலயும் மரத்துலயும் ஒரே அடியில தோத்த முதல் ஆள் நீங்களாத்தான் இரிக்கும்.

மருதைப் பற்றி ஒண்டு சொல்லணும். அதுட வேரைப் பார்த்தீங்களா? தண்ணிக்கும் மண்ணுக்கும் நடுவுல பின்னிக்கொண்டு, கரையைப் பிடிச்சுக் கொண்டு நிக்கும். பட்டையைச் சுட்டுச் சாம்பல் எடுத்தா அதுல சுண்ணாம்பு. அந்தக் காலத்துல வெத்திலைக்கு அதைத்தான் பூசினாங்க. நான் பூசினதில்ல, என்ட அப்பப்பா பூசியிருக்கார் எண்டு சொல்லக் கேள்வி. ஆனா கரையில பெரிய மருது ஒண்டு நிக்கிறதைக் கண்டு கரை நல்லாயிரிக்கு எண்டு சொல்லிப் போடாதீங்க. நம்மட ஊரைப் பாருங்க: கிழவனும் கிழவியும் திண்ணையில, பொடியன்மார் எல்லாம் கட்டார்ல. ஊர் நிமிர்ந்து நிக்கிறதாகத்தான் தெரியும், இருபது வருசத்துக்குப் பிறகு வந்து பார்த்தாத்தான் விசயம் விளங்கும். கரையில முழங்கால் உசரத்துல மருதங்கண்டு இரிக்கா, இடுப்பளவுல இரிக்கா, வீட்டுக் கூரையளவுல இரிக்கா எண்டு தேடுங்க. எல்லா வயசுலயும் இருந்தாத்தான் கரைக்கு நாளைக்கும் ஆள் இரிக்கு. கண்டே இல்லாட்டி அதைத் திண்டவன் ஆர் எண்டு பாருங்க.

அநேகமா மாடு. உங்கட பட்டி மாடுகள்தான். மாட்டைக் குற்றம் சொல்ல நான் வரல்ல. இந்தப் பக்கத்துத் தயிர் இல்லாம நான் சோறு தின்ன மாட்டன். மாடு தண்ணி குடிக்க வரணும், போகணும். வந்த மாடு அங்கயே படுத்து, நாள் முழுக்கக் கரையை மிதிச்சு, முளைச்ச கண்டெல்லாம் கடிச்சு, தண்ணிக்கயே சாணமும் போட்டா அது கரை இல்ல, மாட்டுக் கொட்டில். எத்தனை மாடு எண்டதை விட எவ்வளவு நேரம் நிக்கிது எண்டதுதான் கணக்கு. கல்லுப் போட்ட துறை ஒண்டு வெச்சு, அதால மட்டும் இறக்கி ஏத்துங்க. மிச்சக் கரைக்கு ரெண்டு இழை முள்ளுக்கம்பி. பட்டிக்காரன் முறைப்பான். முறைக்கட்டும்.

கரையில என்ன முளைச்சிரிக்கு எண்டதே ஒரு அறிக்கைதான், வாசிக்கத் தெரிஞ்சாக் காணும். பன், கோரை, சம்பு, நாணல் இதெல்லாம் கால் நனைஞ்சு நிக்க விரும்புற சாதி. கரை ஓரத்துல அதுகள் நெருக்கமா நிண்டா, மண்ணுக்க ஈரம் கிட்டத்துல கிடக்கு. போன வருசம் பன் நிண்ட இடத்துல இந்த வருசம் எருக்கலையும் முள்ளும் வந்திருந்தா, தண்ணி கீழ போயிட்டுது. எருக்கலை பொய் சொல்லாது. உங்கட கரையில இப்ப ரெண்டும் இல்ல, வெறும் மண்தான் இரிக்கு. எழுதாத கடதாசியை வாசிக்க எனக்குத் தெரியாது.

தண்ணிக்க மிதக்கிற பச்சையைக் கண்டு ஏமாறவும் வேணாம். கிட்டங்கிப் பக்கம் போய்ப் பாருங்க, ஆத்துவாழை ஆத்தை மூடிப் போய்க் கிடக்கும், ஊதாப் பூவும் பூக்கும், கல்முனையில இருந்து போறவன் வாறவன் நிண்டு போட்டோ எடுப்பான். அது தென்னமெரிக்காவில இருந்து வந்த பிசாசு. வெள்ளைக்காரன் காலத்துலயே, 1909ல, அதுக்கெண்டு தனிச் சட்டம் போட்டாங்க. ஆத்துவாழைக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாததால இண்டைக்கும் மிதந்து கொண்டிரிக்கு. அது ஏன் அப்பிடிக் கொழுக்குது? வயலுக்குப் போட்ட யூரியா வாய்க்காலால ஆத்துக்க வருது. கரையில பத்தையும் ஈர மண்ணும் அகலமா இருந்தா, வாற யூரியாச் சத்தைப் பாதி வழியில வேர் குடிக்கும். மிச்சத்தை ஈரமண்ணுக்க இரிக்கிற கிருமிகள் காத்தாக்கி அனுப்பிப் போடும். பத்தை இல்லாட்டி எல்லாம் நேரா ஆத்துவாழைக்குச் சாப்பாடு. 2021ல உரம் இல்லையெண்டு அரசாங்கம் நிப்பாட்டின நேரம் ஊர் ஊராக் கத்தினமே, அந்த நேரமும் ஆத்துவாழை பசியில செத்ததா நான் காணல்ல. அவ்வளவு சேமிப்பு மண்டிக்க கிடந்திருக்கு.

முதலைக்குப் பயந்துதான் பத்தையை வெட்டினதெண்டும் ஒரு கதை சொல்றீங்க. முதலை வெயில் காய வெறும் கரையைத்தான் தேடும் மருமகன். நீங்க அதுக்கு இப்ப ஒரு கபானா போட்டுக் குடுத்திரிக்கீங்க.

இனி முக்கியமான விசயம். கிணறு.

நம்மட ஊர் மணல் ஊர். கடல் ஒரு பக்கம், களப்பு ஒரு பக்கம். நடுவுல மணலுக்க மழைத் தண்ணி இறங்கி, அடியில இரிக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மிதந்து கொண்டு கிடக்கு. நல்ல தண்ணி பாரம் குறைவு, உப்புத் தண்ணி பாரம் கூட. அதால கலக்காம நிக்கிது. எவ்வளவு பாரம் வித்தியாசம்? நாப்பதுக்கு ஒண்டு. 19ஆம் நூற்றாண்டு முடியிற நேரம் ஒல்லாந்து எஞ்சினியர் ஒருத்தர் இதுக்குக் கணக்குப் போட்டு வெச்சிரிக்கார். கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நிண்டா, கடல் மட்டத்துக்குக் கீழ 40 அடிக்கு நல்ல தண்ணி கிடக்கும். கேட்க நல்லாயிரிக்கு. இப்ப அதைத் திருப்பிப் போடுங்க. மேல 1 அடி குறைஞ்சா, கீழ இருந்து உப்பு 40 அடி ஏறும். உடன ஏறாது, ஆறுதலா வரும், ஆனா வரும்.

ஆத்துக்க மண்ணை அள்ளி ஆத்துட மட்டத்தை ரெண்டடி இறக்கினா, பக்கத்து மணலுக்க இரிக்கிற தண்ணியும் ஆத்துப் பக்கம் வடிஞ்சு அந்த மட்டத்துக்கு இறங்கும். கரைப் பத்தையை அழிச்சா, வெள்ளம் நிண்டு ஊறாம ஓடிப் போயிரும். ரெண்டும் சேர்ந்தா உங்கட மாமிட கிணத்துத் தேத்தண்ணிக்கு உப்புப் போடத் தேவையில்லாம வரும். ஆத்துக்கயும் அப்பிடித்தான்: அடி கடல் மட்டத்துக்குக் கீழ போனா, கோடையில முகத்துவாரம் திறந்திருக்கிற நேரம் உப்பு அடியால ஊர்ந்து மேல வரும். மேல நல்ல தண்ணி ஓடுறதாத் தெரியும், அடியில கடல். வயலுக்கு மோட்டர் போடுறவன் அடியில இருந்துதான் இழுப்பான். பிறகு வேளாண்மை மஞ்சளாப் போச்செண்டு கமநல சேவைக் காரியாலயத்துல போய் நிப்பான்.

சுனாமிக்குப் பிறகு நம்மட கிணறெல்லாம் உப்பாப் போய், இறைச்சு இறைச்சுக் கை ஓஞ்சு, மழை வந்து வந்து கழுவினதைக் கண்ட ஆக்கள் நாங்க. அந்த நேரம் நீங்க பள்ளிக்கூடம் போன பொடியன், தண்ணி போத்தலில வரும் எண்டு நினைச்சிருப்பீங்க.

வேலையெல்லாம் ஆறு மறுகா செய்யும், நீங்க ஒதுங்கி நிண்டாக் காணும். ஆத்தோரக் காணிட நல்ல குணம் அதுதான். மலைச் சரிவில காடு வரக் கன காலம் பிடிக்கும், ஈரமிரிக்கிற கரையில மூண்டு நாலு மாரி போனாப் பன்னும் கோரையும் தானே வந்து நிக்கும். ஆறு கனக்க இறங்காத வரைக்கும்தான் அந்தக் கதை. ஆழமா இறங்கிப் போனா, அது மறுகா தனக்கொரு புதுத் தாழ் நிலத்தைக் கீழ அறுத்து எடுக்க வேண்டி வரும், அதுக்கு மண் உங்கட காணியில இருந்துதான். அதுக்கு முந்தி கம்பி அடியுங்க. ஒதுக்குக் காணி எத்தனை அடி விடணும் எண்டு பிரதேச செயலகத்துக் காணிப் பகுதியில கேளுங்க, அவங்க சட்டத்துல இரிக்கிறதைச் சொல்லுவாங்க. அதுக்கு மேல எத்தனை அடி எண்டு இந்த மாரியில ஆறு வந்து நிண்டு காட்டும்; அந்த இடத்துல ஒரு கொம்பை நட்டு வையுங்க. கபானா போடத்தான் வேணுமெண்டாக் கொம்புக்கு மேட்டுப் பக்கமாப் போடுங்க. பத்தைக்குப் பின்னால இருந்து ஆத்தைப் பார்த்தா வெள்ளைக்காரன் குருவியும் கண்டுகொண்டு போவான், அதுக்கும் சேர்த்துக் காசு தருவான்.

கிணத்துக் கயித்துல தண்ணி மட்டத்துக்கு ஒரு முடிச்சுப் போடுங்க. மாரி முடிய ஒண்டு, சித்திரையில ஒண்டு, ஆவணியில ஒண்டு. அடுத்த வருசமும் அதே மாதத்துல அளந்து பார்த்தா ஆறு என்ன செய்யிது எண்டு தெரியும், கம்பசுக்குப் போகத் தேவையில்ல. மழை பெஞ்சு விட்டாப் பிறகு ஆத்துத் தண்ணி எத்தனை நாளில தெளியிது எண்டும் பார்த்து வையுங்க. கெதியாத் தெளிஞ்சா மேல கரை பிடிச்சு நிக்கிது. ஒரு கிழமைக்கு மேலயும் செம்மண்ணாவே ஓடினா, மேல போய் அந்தத் துப்புரவான மனுசனைச் சந்திச்சு, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து தேத்தண்ணி குடியுங்க.

மதிலுக்கு மேசனிட்ட அட்வான்ஸ் குடுத்திட்டீங்க எண்டு தெரியும். அவன் திருப்பித் தர மாட்டான், எனக்கு அவன்ட அப்பனையும் தெரியும். மதில் வேணாம், அந்தக் காசுக்கு வீட்டுக் கக்கூசுக் குழியை ஆத்தோரத்துல இருந்து மேட்டுக்கு மாத்திக் கட்டித் தா எண்டு சொல்லுங்க. அதை எங்க வெட்டினீங்க எண்டும் நேத்துப் பார்த்தனான். உங்கட பெண்சாதி கேட்டா, மதில் காசை மாமா கடனுக்கு வாங்கினார் எண்டு சொல்லிப் போடுங்க. அவ உடன நம்புவா.